நாமக்கல் எறும்பின் முறை

மே 3, சனி

போனில் எழுதலாம் என்றால் இடமில்லை. எல்லாம் தீபன் அண்ணாவின் கிளிப்புகள், அழிக்க மனசு வரவில்லை. அதனால் தீபாவளிக்கு அம்மாவின் கம்பெனி கொடுத்த டைரியில் எழுதுகிறேன். அட்டையில் தலையணை உறைப் படம். பரவாயில்லை.

விஷயம் இதுதான். நான் மாட், அதாவது மாடரேட்டர் ஆகிவிட்டேன்!!!

'கட்டெறும்பு' யூடியூப் சேனலின் லைவ் சாட்டில் இன்று முதல் என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குட்டி நீல ஸ்பேனர். கெட்ட வார்த்தை, சண்டை, அடுத்தவன் சேனல் விளம்பரம் எது வந்தாலும் அழிக்கிற அதிகாரம் எனக்கு உண்டு. எங்கள் சேனலில் அதைத் 'துடைப்பது' என்று சொல்வோம். தீபன் அண்ணா கேம் விளையாடிக்கொண்டே பேசுவார். அவர் கட்டெறும்பு, நாங்கள் எறும்புகள். யாராவது லைவில் பணம் அனுப்பினால் அதற்குப் பெயர் சர்க்கரை. நேரில் சந்தித்தால் அண்ணா தலையில் நிஜச் சர்க்கரையையே கொட்டுவோம். கோயம்புத்தூர் மீட்-அப்பில் அவர் கண்ணிமையில் சர்க்கரை ஒட்டியிருந்த கிளிப் சுற்றோ சுற்றென்று சுற்றியதே, அதை வெட்டியது நான். எனக்கு எடிட்டிங் யாரும் சொல்லித்தரவில்லை. திரை உடைந்த இந்த போனில் நானே தடவித் தடவிக் கற்றுக்கொண்டது.

அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"சம்பளம் எவ்வளவு கண்ணு?"

"சம்பளமெல்லாம் இல்லம்மா. ஒரு மரியாதை."

"சரி. அடுத்த மாசம் ரீசார்ஜுக்கு அந்த மரியாதையவே குடுத்துப் பாரு, கடைக்காரன் வாங்கறானான்னு."

மே 5, திங்கள்

பெரிய அறிவிப்பு. பதினேழாம் தேதி காலை ஆரம்பித்து மறுநாள் காலை வரைக்கும் நிற்காத லைவ். சேருகிற சர்க்கரை மொத்தமும் ஏற்காட்டில் ஒரு டிரஸ்ட் கட்டிக்கொண்டிருக்கும் 'நிழல்வீடு' என்ற இடத்துக்கு. ரத்தப் புற்றுநோய் மாதிரி பெரிய வியாதி வந்த குழந்தைகளின் குடும்பம் அங்கே மூன்று நாள் வந்து தங்கலாம். குழந்தை மட்டும் இல்லை, அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள் எல்லோரும். சமையல், கழுவல், ஆஸ்பத்திரி வாசனை எதுவும் கிடையாது. சும்மா இருக்கலாம். கூரை வேலையும் வெந்நீர் வசதியும்தான் பாக்கியாம்.

அண்ணாவின் மேனேஜர் ஃபெரோஸ் என்னை அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஜெசிந்தா அக்காவிடம் பேசித் தகவல் வாங்கச் சொன்னார். அவர் முன்பு குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தவர். வீட்டைப் பற்றிக் கேட்டால் முதலில் சட்டம்தான் பேசினார்.

"இந்தப் பிள்ளைங்களுக்கு எதிர்ப்பு சக்தி கம்மிம்மா. நீ ரெண்டு தும்மல்ல முடிக்கிற சளி அவங்கள ஐசியுல கொண்டுபோய் விட்டுரும். அதனால வெளியாளுங்க உள்ள வரக்கூடாது. பூ, மாலை கூடாது, அதுல பூஞ்சை இருக்கும். புகை கூடாது. திங்கற சாமான் எதுவும் சமையக்கட்ட தாண்டக் கூடாது. பிள்ளைங்கள போட்டோ எடுக்கக் கூடாது. எழுதிக்கிட்டியா?"

"எழுதிக்கிட்டேன்க்கா."

"எங்க, திருப்பிச் சொல்லு பாப்போம்."

சொன்னேன். அப்படியே டைப் அடித்து அண்ணாவுக்கும் அனுப்பினேன். அண்ணா கட்டைவிரல் போட்டார். எனக்கே எனக்கு! ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டேன்.

மே 9, வெள்ளி

சாட்டில் 'நாமக்கல் எறும்பு' என்று ஒருத்தி. தினமும் முதல் ஆளாக வருவாள். சர்க்கரை போட்டதே இல்லை, ஆனால் அண்ணா என்ன ஜோக் சொன்னாலும் முதல் சிரிப்பு அவளுடையதாகத்தான் இருக்கும். இன்று இன்ஸ்டாவில் எனக்கு எழுதினாள். "அக்கா, நிழல்வீட்டுக்கு மொதல்ல போறது யாரு சொல்லுங்க பாப்போம்? நாங்க!"

போன் போட்டுப் பேசினேன். பெயர் தர்ஷிகா, பன்னிரண்டு வயது. அவள் தம்பி புகழுக்கு ஏழு வயது, ரத்தப் புற்றுநோய். அவனும் அம்மாவும் பெரும்பாலும் சேலத்தில் ஆஸ்பத்திரியில். அப்பா லாரி ஓட்டுகிறார். இவள் நாமக்கல்லில் சித்தி வீட்டில்.

"புகழுக்கு சென்னைல எலும்புக்குள்ள இருக்கறத மாத்தப் போறாங்களாம்க்கா. அதுக்கப்பறம் மாசக்கணக்கா தனி ரூமு. அம்மா மட்டுந்தான் உள்ள போலாம். எனக்கெல்லாம் கண்ணாடி வழியாத்தான். அதுக்கு முந்தி ஜூன் ஆறு, ஏழு, எட்டு, இந்த மூணு நாளுதான் டாக்டர் உட்டுருக்காரு. எங்கப்பா அந்த வாரம் லோடே வேண்டாம்னுட்டாரு."

"அங்க போயி என்ன பண்ணுவீங்க?"

"தூங்குவோம்."

"அட, அவ்வளவுதானா?"

"நாலு பேரும் ஒரே ரூம்லக்கா! நாங்க அப்படித் தூங்கி ஒரு வருசம் இருக்கும். புகழ் தூக்கத்துல கால் போடுவான். முந்தியெல்லாம் கிள்ளி வெச்சுருவேன். இப்ப போட்டா போட்டும்னு உட்டுருவேன்."

மே 12, திங்கள்

அம்மா, எக்ஸ்போர்ட்டில் கழித்த துணியைக் கம்பெனியில் கேட்டு வாங்கி நிழல்வீட்டுக்கு ஜன்னல் திரை தைக்கிறாள். வெளிர் மஞ்சள். தர்ஷிகா கதையை அவளிடம் சொல்லியிருக்கக் கூடாது. தையல் மெஷின் சத்தத்தைவிட மூக்கு உறிஞ்சுகிற சத்தம்தான் அதிகம்.

மே 18, ஞாயிறு

நிறைந்துவிட்டது! நிறைந்துவிட்டது! நிறைந்துவிட்டது!

முறையாக எழுதுகிறேன். சர்க்கரை எவ்வளவு சேர்ந்தது என்று காட்ட ஒரு கண்ணாடி டப்பா வரைந்து கொடுத்திருந்தேன். சர்க்கரை விழ விழ டப்பா நிறையும். நேற்று முழுக்க நன்றாக ஏறியது. இன்று காலை எட்டு மணிக்கு மேல் அப்படியே நின்றுவிட்டது. எல்லோரும் தூங்கப் போய்விட்டார்கள். அண்ணா கண்ணெல்லாம் சிவந்து, குரல் கட்டிப்போய், பார்க்கவே பாவமாக இருந்தார். முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். திடீரென்று நாற்காலி மேல் ஏறி நின்றார்.

"எறும்புகளா! டப்பால இன்னும் ரெண்டு விரக்கட காலியா இருக்கு, பாத்துட்டு சும்மா இருக்கீங்களா? சரி, கேட்டுக்கங்க. இது நெறஞ்சா நிழல்வீட்ட தொறக்கறதே நாமதான். ஜூன் ஏழு. அடுத்த மீட்-அப் அங்கதான். ஏற்காடு குளுரு, கேம்ப் ஃபயர், நான், நீங்க!"

சாட் படிக்கவே முடியாத வேகத்தில் ஓடியது. ஃபெரோஸ் மாட் குழுவில் "பின் பண்ணுங்க" என்றார். அண்ணா சொன்னதை அப்படியே அடித்து, மேலே ஒட்டி நிற்கும்படி பின் பண்ணியது நான்தான். அதன் பிறகு சர்க்கரை கொட்டோ கொட்டென்று கொட்டியது. டப்பா வழிந்தபோது நான் கத்திய கத்தலில் அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள்.

"என்ன கண்ணு, கரண்ட் அடிச்சிருச்சா?"

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். உப்புமா என் சட்டையெல்லாம்.

தர்ஷிகாவிடமிருந்து மெசேஜ். "அக்கா எங்க வீடு நெறஞ்சிருச்சு!!!" கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. "ஜூன் 7 எங்க முறையாச்சே. அண்ணா எங்களப் பாக்க வர்றாரா?"

"வருவார் போலிருக்குடி!" என்று போட்டேன்.

மே 20, செவ்வாய்

ஜெசிந்தா அக்கா கூப்பிட்டார்.

"கௌசிகாம்மா, உங்காளு என்னமோ சொல்லிட்டாராமே? கேம்ப் ஃபயர்னு?"

"அது சும்மா ஹைப்புக்குச் சொன்னதுக்கா."

"ஹைப்புன்னா?"

"ஆளுங்கள உசுப்பேத்தறதுக்கா."

"உசுப்பேத்திட்டுப் போகட்டும். இங்க வந்து நிக்காம இருந்தாச் சரி."

ஃபெரோஸிடம் கேட்டேன். "பாத்துக்கலாம்" என்று பதில் வந்தது. வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்றுதானே அர்த்தம்.

மே 25, ஞாயிறு

மீட்-அப் போஸ்டர் செய்யச் சொல்லி ஃபெரோஸ் விவரம் அனுப்பினார். ஜூன் 7, நிழல்வீடு, ஏற்காடு. எழுத்து தப்பாக வந்துவிட்டதோ என்று போன் செய்தேன். "இரு, அண்ணாவையே போடறேன்" என்று கான்ஃபரன்ஸில் சேர்த்துவிட்டார். முதல் முறையாக அண்ணா குரல், ஸ்பீக்கர் வழியாக இல்லாமல், என் காதுக்குள்!

"கௌசியா? அந்தக் கண்ணிமை கிளிப் வெட்டுன பொண்ணுதானே? செம்ம கட்டும்மா அது!"

எப்படியோ வாயைத் திறந்தேன்.

"அண்ணா, ஜூன் ஏழுல அங்க ஒரு குடும்பம் வர்றாங்கண்ணா..."

"ஃபெரோஸ் சொன்னான். டிரஸ்ட்ல பேசியாச்சு, அவங்களுக்கு ஓகே. அந்தக் குடும்பம் அடுத்த வாரம் வரட்டுமே. வீடு எங்க ஓடிரப் போகுது?"

"இல்லண்ணா, அந்தத் தம்பிக்கு..."

"எறும்புங்க பஸ்ஸே புக் பண்ணிட்டாங்கம்மா. இப்ப மாத்துனா என் வார்த்தைக்கு என்ன மரியாத? மத்தவங்களுக்குப் புரியாது. உனக்குப் புரியும். நீ நம்ம ஆளு."

"சரிங்கண்ணா."

போஸ்டர் செய்துவிட்டேன். எழுத்து வடிவம் மட்டும் நாலைந்து முறை மாற்றினேன். இதில் அண்ணா மேல் தப்பே இல்லை. அவருக்கு முழு விஷயம் போய்ச் சேரவில்லை. புகழைப் பற்றி விளக்கமாக எழுதி ஃபெரோஸிடம் கொடுத்திருக்கிறேன். படித்தால் மாற்றிவிடுவார். எனக்கு அண்ணாவைத் தெரியும்.

நம்ம ஆளு என்றார்.

மே 27, செவ்வாய்

ஜெசிந்தா அக்கா மறுபடியும். இந்த முறை குரலே வேறு மாதிரி இருந்தது.

"காசு குடுத்தவங்கள எப்படி வேண்டாம்ங்கறதுன்னு கமிட்டில கைய விரிச்சிட்டாங்கம்மா. நான்தான் புகழோட அம்மாவுக்கு போன் பண்ணிச் சொல்ல வேண்டியதாப் போச்சு."

"என்னக்கா சொன்னாங்க?"

"ஒண்ணுமே சொல்லல. 'சரிங்க சிஸ்டர், நமக்கு நல்லது பண்றவங்கதானே, அவங்க வந்துட்டுப் போகட்டும்'னாங்க. நாலு வார்த்த திட்டியிருந்தாக்கூட பரவால்ல. நீ தீபன்கிட்ட பேசுனியா?"

"பேசிட்டே இருக்கேன்க்கா."

அம்மா தைத்த திரைகள் பார்சல் ஆபீஸ் போய்விட்டன. ரசீது என்னிடம் இருக்கிறது. நாளை காலேஜ் பீஸ் கட்டக் கடைசி நாள்.

மே 29, வியாழன்

இன்று லைவ். பெரிய சண்டை மேட்ச். நடுவில் தர்ஷிகா சர்க்கரை போட்டாள். அவள் போட்ட முதல் சர்க்கரை. சர்க்கரையோடு வருகிற மெசேஜ் மஞ்சள் நிறத்தில் பெரிதாக நிற்கும், அண்ணாவும் வாய்விட்டுப் படிப்பார். அதற்காகத்தான் போட்டிருக்கிறாள்.

"தீபன் அண்ணா, நான் நாமக்கல் எறும்பு. ஜூன் 7 எங்க முறை. என் தம்பிக்கு அதுக்கு அப்புறம் வர முடியாது. மீட்-அப்ப மட்டும் வேற நாள் வைப்பீங்களா, ப்ளீஸ்."

மாட் குழுவில் ஃபெரோஸ் போட்டார். "துடைங்க. சீக்கிரம்."

மாட்கள் நாங்கள் ஐந்து பேர். மெசேஜ் போய்விட்டது. அந்த நேரத்தில் சாட் வேறு தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கூப்பிட்டாள், எழுந்துபோய் மாவை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வந்தேன்.

அண்ணா பார்த்திருக்க மாட்டார். மேட்ச் உச்சத்தில் இருந்தது.

மே 30, வெள்ளி

தர்ஷிகா எழுதியிருக்கிறாள். "அக்கா, என் மெசேஜ யாரோ அழிச்சுட்டாங்க. நீங்க மாட்தானே. யாருன்னு பாத்துச் சொல்றீங்களா?"

பார்க்கிறேன் என்றேன்.

மாட் குழுவில் ஃபெரோஸ், "நேத்து கௌசி ஸ்பீடு பாத்தீங்களா? எல்லாரும் கத்துக்கங்க" என்று போட்டிருக்கிறார். மற்ற நான்கு பேரும் கைதட்டியிருக்கிறார்கள்.

ஜூன் 1, ஞாயிறு

எழுத ஒன்றும் இல்லை. தலைக்குக் குளித்தேன்.

ஜூன் 3, செவ்வாய்

மீட்-அப்பில் போட்டுக் காட்ட, போன வார லைவில் அண்ணாவின் பெஸ்ட் தருணங்களை வெட்டித் தரச் சொன்னார் ஃபெரோஸ். இருபத்தொன்பதாம் தேதி வீடியோவை இறக்கி உட்கார்ந்தேன்.

அண்ணா முகத்தை நான் இரண்டு வருஷமாக வெட்டுகிறேன். அவர் பொய்ச் சிரிப்பு சிரித்தால் இடது கன்னம் முதலில் ஏறும். அவர் சாட் படிக்கிறாரா, சும்மா பார்க்கிறாரா என்பதை அவர் கண்ணை வைத்தே சொல்லிவிடுவேன். படித்தால் கண் ஓரத்துக்கு ஓரம் நகரும், வரி முடிந்ததும் சொடுக்கியது போலத் திரும்பும்.

தர்ஷிகா மெசேஜ் வந்த இடம். மஞ்சள் பெட்டி ஏறுகிறது. அண்ணா வாயைத் திறந்து, "நாமக்கல் எறு..." என்கிறார். அவ்வளவுதான் கேட்கிறது. அதற்கு மேல் சத்தம் இல்லை. ஆனால் கண் நிற்கவில்லை. வரி வரியாகப் போய்த் திரும்புகிறது. கடைசி வரிக்குப் போகிறது. ப்ளீஸ் வரைக்கும் போகிறது. அப்புறம் மைக்கை அணைக்கிறார். ஃபெரோஸ் உட்காருகிற பக்கம் திரும்பி உதட்டை அசைக்கிறார். ஒரே ஒரு வார்த்தை. மைக்கைத் திரும்பப் போடுகிறார். இடது கன்னம் ஏறுகிறது. "அடுத்த சர்க்கரை யாருப்பா?"

அந்த உதட்டசைவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். மெதுவாக, இன்னும் மெதுவாக. என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியும். மாட் குழுவில் அடுத்து வந்த வார்த்தை அதுதான்.

அவர் படித்தார். முழுசாகப் படித்தார். எனக்காகத்தான் அவருக்குத் தெரியாது தெரியாது என்று இத்தனை நாளும் நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 5, வியாழன்

மீட்-அப்புக்குப் போவதில்லை என்று முடிவு செய்து காலையிலிருந்து சுருண்டு படுத்திருந்தேன். அம்மா போர்வையை இழுத்தாள்.

"என்னாச்சுங்கறது எனக்கு வேண்டாம். அழுதா அந்தப் பாப்பாவுக்கு என்ன ஆகப்போவுது? அந்தாளு நேர்ல வர்றான்ல? போயி மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டு வா அம்மிணி."

போகிறேன்.

ஜூன் 8, ஞாயிறு, காலை, நிழல்வீட்டுச் சமையலறையில்

நேற்று நடந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோதே கேட்டுக்கு வெளியே பைக்குகள். இரண்டு பஸ். பறை, பேப்பர் பூ வெடிக்கிற குழாய், ஆள் உயர அண்ணா கட்-அவுட். பூமாலை கூடாது என்று போஸ்டரில் போட்டிருந்தேன், அதனால் ரோஜாவை உதிர்த்துப் பையில் கொண்டுவந்திருந்தார்கள். அது மாலை இல்லையாம். ஜெசிந்தா அக்கா கேட்டில் மாஸ்க் பெட்டியோடு நின்றார். ஒரு பையன் நாலைந்தை எடுத்துக் கட்-அவுட்டுக்கு மாட்டிவிட்டு செல்ஃபி எடுத்தான்.

"தம்பி, உள்ள நோயாளிப் பிள்ளைங்க தங்கற இடம்ப்பா."

"இப்ப யாரும் இல்லீல்லக்கா? அப்பறம் என்ன?"

அண்ணா காரிலிருந்து இறங்கினார். சர்க்கரை. பாக்கெட் பாக்கெட்டாக. முன்பு இதைக் கிளிப்பில் பார்க்கும்போது எனக்குச் சிலிர்க்கும். மழை பிடித்துக்கொண்டதும் எல்லோரும் வீட்டுக்குள் ஓடினார்கள், சர்க்கரைக் காலோடு. கேம்ப் ஃபயரை வராந்தாவில் போட்டார்கள். புகை நேராக அறைகளுக்குள் போனது. அம்மா தைத்த திரைகள் எல்லா ஜன்னலிலும் தொங்கின. மஞ்சள், அம்மா சொன்ன மாதிரியே வெளிச்சமாக. முதல் அறைக் கதவில் ஒரு சின்ன அட்டை ஒட்டியிருந்தது. 'புகழ் குடும்பம்.' யாரும் எடுக்கவில்லை. அந்தக் கட்டிலில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து கேக் தின்றுகொண்டிருந்தார்கள்.

அண்ணா தலையிலிருந்த சர்க்கரையைக் கழுவப் போயிருந்தார். டப்பா நிறைந்து வந்த வெந்நீரில் முதல் குளியல் அவருடையது. துண்டோடு வெளியே வந்தபோது வழியில் நின்றேன்.

"அண்ணா, நான் கௌசி."

"அட, கண்ணிமை! வாம்மா!"

"நாமக்கல் எறும்பு போட்ட மெசேஜ நீங்க படிச்சீங்கண்ணா."

"எந்த மெசேஜு?"

"கடைசி வரி வரைக்கும் படிச்சீங்க. நான் ஒவ்வொரு ஃப்ரேமா பாத்தேன்."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை.

"படிச்சேன். அதுக்கு என்ன பண்ணச் சொல்ற? நான் ஒருத்தருக்குப் பாவம் பாத்தா இத்தன பேருக்கு நான் பொய்யன். உனக்குத் தெரியாதா இது எப்படி ஓடுதுன்னு?"

"அந்தப் பையனுக்கு வேற நாளே இல்லண்ணா."

"அவ்வளவு தெரிஞ்ச நீ ஏன்மா தொடச்ச?"

நான் ஒரு அடி பின்னால் போனேன்.

"நான் ஃபெரோஸப் பாத்து சொல்றேன், அவன் குரூப்ல போடறான், போட்டு முடிக்கல, மெசேஜக் காணோம். யார்ரா இதுன்னு கேட்டேன். கௌசின்னான். நான் பாத்ததுலயே வேகமான மாட் நீதான்மா."

குத்திக் காட்டவில்லை. அதுதான் கொடுமை. நிஜமாகவே பாராட்டினார். இரண்டு கன்னமும் சேர்ந்து ஏறிய நல்ல சிரிப்பு. தோளில் தட்டிவிட்டுப் போனார். அவர் கையின் ஈரம் என் சட்டையில் இருந்தது.

கடைசி பஸ்ஸில் நான் ஏறவில்லை. எட்டாம் தேதி ஒரு நாளாவது அந்தக் குடும்பத்தைக் கூப்பிட்டுவிடலாம் என்று ஜெசிந்தா அக்கா மனசில் வைத்திருந்தாராம். இரண்டு பேரும் கூட்டினோம், கழுவினோம். விடிந்ததும் பார்த்தால், கட்டில் காலில், தலையணையில், திரை மடிப்பில், சுவர் விளிம்பில் கோடு கோடாக நிஜ எறும்பு.

ஜெசிந்தா அக்கா படியில் உட்கார்ந்துவிட்டார்.

"மருந்தடிக்கணும். மருந்தடிச்சா அந்த வாசம் போற வரைக்கும் எந்தப் பிள்ளையவும் உள்ள விட முடியாது. இனி எவ்வளவு நாளோ." என்னைப் பார்த்து, "நீயாவது தடுத்திருக்கலாம்மா" என்றார். நான் துடைத்தது அவருக்குத் தெரியாது. இருந்தாலும் சொன்னார்.

திரைகளைக் கழற்றி மூட்டை கட்டியிருக்கிறேன். அடுப்பில் டீ பொங்குகிறது.

ஜூன் 8, சாயங்காலம், வீடு

பஸ்ஸில் வரும்போது தர்ஷிகாவிடமிருந்து ஒரு போட்டோவும் குரல் பதிவும் வந்தன. போட்டோவில் லாரி கேபின். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் படுக்கைப் பலகையில் மொட்டைத் தலையோடு ஒரு பையன் மாஸ்க் போட்டுத் தூங்குகிறான். அவன் கால் யார் வயிற்றின் மேலோ கிடக்கிறது.

"அக்கா, நாங்க எங்கப்பா லாரிலயே தூங்குனோம்! அம்மா ரெண்டு நாளு கேபின சோப்புத் தண்ணி ஊத்திக் கழுவுச்சு. மோகனூர் ஆத்துக்குப் பக்கத்துல நிறுத்துனோம். அப்பா சீட்டுல உக்காந்துட்டே தூங்கிட்டாரு, காத்தால கழுத்தே திரும்பல. நான் திரும்பிப் படுக்கறப்போ ஹாரன் அமுங்கிருச்சு, நாய்ங்க எல்லாம் கத்துச்சு, புகழ் சிரிச்சான் பாருங்க... நாளைக்கு சென்னை கெளம்பறாங்க. நான் சித்தி வீட்டுக்கு. அப்பறம் அக்கா, யாரு அழிச்சதுன்னு பாத்தீங்களா?"

ஜூன் 9, திங்கள்

மே 29-ஐத் திருப்பிப் படித்தேன். 'மெசேஜ் போய்விட்டது' என்று எழுதியிருக்கிறேன். மாவு எடுத்துவைக்கப் போனேன் என்றும் எழுதியிருக்கிறேன். அன்றைக்கு வீட்டில் மாவே இல்லை.

போனை எடுத்து அடித்தேன். "நான்தான் தர்ஷி. நான்தான் அழிச்சேன்." அனுப்பிவிட்டேன்.

கொல்லையில் அம்மா பெரிய டப்பில் திரைகளை ஊறவைத்திருந்தாள். அவள் ஒரு முனையும் நான் ஒரு முனையும் பிடித்து முறுக்கினோம். தண்ணீர் கறுப்பாக வந்தது. புகை வாசனை போகவில்லை.

"இன்னொருக்கா அலசணும்" என்றாள் அம்மா. "அந்தப் பாப்பா பேசுச்சா?"

"இல்லம்மா."

மூன்றாவது திரையைக் கொடியில் போடும்போது போன் அடித்தது. குரல் பதிவு. பின்னால் சித்தி வீட்டு டிவி சத்தம்.

"ஏங்க்கா சொன்னீங்க? நான் தீபன் அண்ணாதான்னு நெனச்சுட்டு இருந்தேன்."

பதிவு முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"அண்ணான்னா பரவால்லக்கா. அவருக்கு என்னையத் தெரியாது."